கறுப்புப் புத்தகத்தில் ஒரு கேள்வி

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்திற்கு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே அவளைப் பற்றிச் சில நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். அவை ஏறக்குறைய ஒரே வார்த்தைகளாக இருந்தன. "வாய்தான் கொஞ்சம் நீளம். மத்தபடி தங்கமானவ." சித்தப்பா மகன் சொன்னான். அவளுடைய நாத்தனார் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் சற்று மாற்றி, "யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா கேட்டுடும், மத்தபடி கெட்ட எண்ணம் கெடையாது" என்றார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டினேன். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. தலையாட்டியதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த 'மத்தபடி' எனக்கு உடன்பாடானதல்ல. அவளிடம் தங்கம் என்று ஒன்று இருந்தால் அது அந்த வாய்தான். மற்றவையெல்லாம்தான் மற்றபடி.

தண்டலத்துக்கு அருகில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் வந்து ஒட்டிக்கொண்டு வேறொரு பொருளைத் தரும் தொடர்களை ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். அடங்காமல் ஆடுவது, குறும்பு செய்வது, வரம்பு மீறுவது ஆகியவற்றுக்கு மட்டும் அந்த மொழியில் இத்தகைய தொடர்கள் பத்துப் பன்னிரண்டு உண்டு. அவற்றில் 'ஆன்சர் பேக்' என்பதை எப்போதும் கடைசியில் வைத்து, மிக வேகமாக நடத்தி முடித்துவிடுவேன். பொருள்: மேலே இருப்பவர் சொல்லுக்குப் பணிவின்றிப் பதில் சொல்லுதல். பயன்பாடு: பிள்ளை தாய்க்கு, மாணவன் ஆசிரியருக்கு, வேலையாள் முதலாளிக்கு, சிப்பாய் அதிகாரிக்கு. திசை மாறவே மாறாது. தாய் பிள்ளையிடம் இதைச் செய்ய முடியாது, முதலாளி வேலையாளிடம் செய்ய முடியாது. மேலிருந்து கீழே வரும் பதிலுக்கு அறிவுரை, கண்டிப்பு, விளக்கம் என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. பாடநூல்களின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இந்தத் தொடர் பெரும்பாலும் 'செய்யாதே' என்ற கட்டளையோடுதான் வரும். "எழுவாய் யார் என்பதைக் கவனியுங்கள்" என்று மாணவர்களிடம் சொல்வேன். அவர்கள் கவனித்துக் குறித்துக்கொள்வார்கள். மணி அடிக்கும்.

காரியத்துக்கு வந்தவன் அக்காவின் வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், உட்புறமாகத் திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது வீடு. சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்றவள், பின்புறம் ஆறு அறைகள் கட்டி, தென்மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வரும் பெண்களைக் குடியமர்த்தியிருந்தாள். அவர்களுக்கு அவள் பெரியம்மா. கணவர் இறந்த பிறகு அவளுக்கென்று வேறு யாரும் இல்லை. ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று கேட்டவர்களிடம் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். மோட்டார் நன்றாகவே ஓடுகிறது.

சென்ற மாதம் ஒரு பிற்பகல், காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் நேராக என்னிடம் வந்து ஒரு தாளை நீட்டினாள். தென்காசிப் பக்கத்துப் பெண். மூன்றாவது அறை.

"மெமோ குடுத்துட்டாங்க சார். மூணு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். பெரியம்மா இருந்தா அவங்க சொல்லச் சொல்ல நாங்க எழுதிருவோம்."

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. உற்பத்தி லைனில் வேலை நடக்கும்போது சூப்பர்வைசரிடம் அவள் 'ஆன்சர் பேக்' செய்ததாகவும், அதற்கு விளக்கம் அளிக்க வேண்டும் என்றும் கண்டிருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்தத் தொடரை நான் கரும்பலகையில்தான் பார்த்திருந்தேன். ஒரு பெண்ணின் பெயருக்குக் கீழே, முத்திரை குத்திய தாளில் பார்ப்பது வேறாக இருந்தது.

பத்து நிமிடத்தில் பதில் எழுதிக் கொடுத்தேன். குறை சொல்ல முடியாத ஆங்கிலம். வருத்தம் தெரிவித்து, இனி நிகழாது என்று உறுதியளித்து, மேலதிகாரிகளின் பெருந்தன்மையை நம்பி முடியும் நான்கு வாக்கியங்கள். அவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். படித்து முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு சார். நான் கேட்ட கேள்வி இதுல எங்க சார் இருக்கு?"

என்ன கேள்வி என்று கேட்டேன். சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கும் லைனில் ஒருத்தி கழிப்பறைக்குப் போக வேண்டுமானால், அவள் இடத்தில் நிற்க ஒருத்தி வர வேண்டும். அவளுக்கு ரிலீவர் என்று பெயர். இவர்களுடைய ரிலீவரைப் பக்கத்து லைனுக்கு மாற்றிவிட்டார்கள். "அப்பம் எங்க லைன் பிள்ளைங்க எப்ப எந்திரிச்சுப் போறதுன்னு கேட்டேன் சார். அம்புட்டுதான் கேட்டேன்."

"அத எழுத வேணாம்மா" என்றேன். "அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

நாங்கள் இருவரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வருவது அது இரண்டாவது முறை என்பது எனக்குத் தெரிந்தது. முதல் முறை சொன்னபோது எனக்கு ஒன்பது வயது.

அப்போது இந்தச் சாலையில் தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை. ஏரிகளும் செங்கல் சூளைகளும் இருந்தன. அப்பாவும் அம்மாவும் சூளையில் செங்கல் அறுத்தார்கள். எங்கள் குடியிருப்பு ஏரிக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஏரிக்கரை ஒன்றுதான் பாதை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை இருந்தது. அக்கா எட்டாவது, நான் நான்காவது.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்று அழைத்தோம். உயரமானவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், வியர்க்காமல் இருக்கும் கலை தெரிந்தவர். கைநீட்டி ஒரு குழந்தையையும் அடித்ததில்லை. அடிப்பதற்குப் பதிலாக அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. தடித்த கறுப்பு அட்டை போட்ட பேரேடு. பிள்ளைகள் செய்யும் தவறுகளைத் தேதியிட்டு, தமக்கே உரிய சாய்ந்த கையெழுத்தில், ஆங்கிலத்தில் எழுதிவைப்பார். அதை நாங்கள் கறுப்புப் புத்தகம் என்றோம்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் கொடுத்தனுப்பினால் அடுப்புக்குப் போய்விடும். அதனால் தவறு செய்த பிள்ளையின் உடன்பிறந்தவர் யாராவது அதே பள்ளியில் படித்தால், திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அந்தக் குறிப்பை அவர்தான் உரக்கப் படிக்க வேண்டும். உடன்பிறந்தவர் இல்லையென்றால் அதே தெருப் பிள்ளை. படித்ததும், குற்றம் செய்த பிள்ளை முன்னால் வந்து 'சாரி டீச்சர்' என்று சொல்லும். பெரிய டீச்சர் சிவப்பு மையால் அந்தக் குறிப்பின் மேல் ஒரு கோடு இழுப்பார். அத்தோடு தீர்ந்தது. அவமானம் தபால் செலவில்லாமல் வீடு வரை போய்ச் சேர்ந்துவிடும். கோடு இழுக்கப்படாத குறிப்பு மட்டும் ஆண்டிறுதி வரை உயிரோடு இருக்கும். மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்றொரு கட்டம் உண்டல்லவா, அதில் போய் உட்காரும்.

அக்காவுக்கு அந்தக் கட்டம் முக்கியம். எட்டாவது முடித்ததும் காஞ்சிபுரத்தில் விடுதியோடு கூடிய பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்கு மனுப் போட்டிருந்தாள். அங்கே நடத்தைக் கட்டத்தை முதலில் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி, தண்ணீர். பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆசிரியைகளின் குடியிருப்புக்குக் குடிக்க நல்ல தண்ணீர் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து வர வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியடில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் குடங்களோடு போய் அதைக் கொண்டுவருவார்கள். ஏழெட்டுப் பேரும் ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். இதற்கு உத்தரவு என்று எழுத்தில் ஒன்றும் இருந்ததாக நினைவில்லை. குடங்கள் இருக்கும் மூலையை எந்தப் பிள்ளையின் கண் தேடிப் போகும் என்பது எப்படியோ முடிவாகியிருந்தது.

அந்த முதல் பீரியட்தான் இங்கிலீஷ். அந்தப் பாடத்துக்குப் பள்ளியில் ஒரே ஒரு டீச்சர் இருந்ததால் நான்காவதிலிருந்து எட்டாவது வரை எல்லோரையும் கூடத்தில் ஒன்றாகப் பாய் விரித்து உட்காரவைத்து நடத்துவார். ஆண் பிள்ளைகள் வலப்புறம், பெண் பிள்ளைகள் இடப்புறம். தண்ணீருக்குப் போன பிள்ளைகளின் பாய்கள் காலியாகக் கிடக்கும்.

பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. குடத்தை எடு என்று ஆசிரியை ஒருவர் சொன்னபோது அக்கா எழுந்து நின்று ஒன்று கேட்டாள். கேட்டது என்ன என்பதைப் பெரிய டீச்சர் கறுப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதினார். அவர் பொய் எழுதாதவர், குறைத்தும் எழுதாதவர். அந்த நேர்மை அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நீர் கொண்டுவரப் பணிக்கப்பட்டபோது இம்மாணவி ஆசிரியையிடம் எதிர்த்துப் பேசினாள். ஏரிக்கு அப்பால் வசிக்கும் பெண்கள் மட்டும் ஏன் ஆங்கில வகுப்பின்போது நீர் சுமக்க வேண்டும் என்று கேட்டாள்." எதிர்த்துப் பேசினாள் என்ற இடத்தில் 'ஆன்சர்டு பேக்' என்றிருந்தது. அந்தத் தொடரை நான் சந்தித்தது அதுதான் முதல் தடவை.

படிக்கப்போகும் பிள்ளை தடுமாறக் கூடாது என்பதற்காக வெள்ளிக்கிழமை மாலையே குறிப்பின் நகல் ஒரு துண்டுத் தாளில் தரப்படும். தாளை என் கையில் கொடுத்தபோது பெரிய டீச்சர், "நல்லா பழகிக்கினு வா" என்றார். முழுப் பள்ளிக்கூடத்தின் முன்னால் இங்கிலீஷ் படிக்கப்போகிறேன் என்பதைத் தவிர வேறெதுவும் என் மனதில் இல்லை. கரை நெடுகிலும் ஓடினேன். அக்கா பின்னால் மெதுவாக நடந்து வந்தாள்.

வீட்டில் அன்று மாலை பெரிய விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. அப்பா உடம்பெல்லாம் செம்மண்ணோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"சாரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு."

"எதுக்குன்னு கேப்பேன் நைனா."

"எதுக்கா இருந்தா இன்னா? காஞ்சிபுரம் போவணும்ல?"

அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த ஒரு வார்த்த இன்னா, நாக்குல முள்ளா குத்துது உனுக்கு? நானு மேஸ்திரி கிட்ட ஒரு நாளைக்கி நூறு வாட்டி சொல்றேன்" என்றாள்.

"அதான், ரெண்டு பேருக்கும் சேத்து நீயே சொல்லிட்டியே" என்றாள் அக்கா.

அம்மா கரண்டியை ஓங்கினாள். சிரித்தும்விட்டாள். பிறகு சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா ஏரி மதகருகே துணி துவைக்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "தாள எட்து படி" என்றாள். படித்தேன். "கேக்கல" என்றாள். அவள் துணியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சத்தத்துக்கு மேல கேக்கணும். கடைசி வரிசைல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க நிக்கும். அதுங்களுக்குக் கேக்கணும்." மறுபடி படித்தேன். என் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டிக் கற்றதைத் தவிர அவளுக்கு ஆங்கிலம் கிடையாது. ஆனாலும் நான் எங்கே விழுங்குகிறேன், எங்கே அவசரப்படுகிறேன் என்பதைக் காதாலேயே பிடித்தாள். தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்தைத் தம்பி பிசிறில்லாமல் படிக்க வேண்டும் என்று ஒரு பெண் பாடுபடுவதில் விசித்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறாள் என்றே நினைத்தேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டாள். 'ஆன்சர்டு பேக்' வந்ததும் நின்றேன்.

"அதுக்கு எதுத்துப் பேசறதுன்னு அர்த்தமாம். டீச்சர் சொன்னாங்க."

"ஆன்சர்னா இன்னா?"

"பதிலு."

"பதிலா? நான் இன்னும் பதிலே சொல்லலியேடா. கேள்விதான கேட்டேன்." துணியைப் பிழிந்து உதறினாள். "இன்னும் அவங்கதான் எனக்குப் பதிலு சொல்லணும்."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்த மாணவரும் அந்தத் தொடரின் பயன்பாட்டைப் பற்றி இவ்வளவு கூர்மையாக ஒன்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

பிறகு அவள் தன் உண்மையான காரியத்துக்கு வந்தாள். "திங்கக்கெழம இங்கிலீஷ்ல படிச்சி முடிச்சதும் கீழ எறங்கிடாத. அதையே தமிழ்ல ஒரு வாட்டி சொல்லு. அங்க நிக்கறதுங்கள்ல முக்காவாசிக்கு இங்கிலீஷ் புரியாது. இன்னா எழுதிக்கீதுன்னு எல்லாருக்கும் தெரியணும்." சரி என்றேன். அவள் ஈரக் கையை நீட்டினாள். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

திங்கட்கிழமை வந்தது. கொடிக்கம்பத்துக்கு அருகில் சிமெண்ட் மேடை. அதன்மேல் ஏறி நின்றேன். கறுப்புப் புத்தகத்தைப் பெரிய டீச்சரே பிரித்துப் பிடித்துக்கொண்டார். அதன் பக்கங்களில் சந்தன சோப்பின் வாசனை அடித்தது. துணி அடிக்கும் சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலே கேட்கும்படி படித்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

படித்து முடித்தேன். பிறகு எதிர்பாராதது ஒன்று நடந்தது. பெரிய டீச்சர் என் தலைமேல் கைவைத்தார். "வெரி குட்" என்றார். மற்ற ஆசிரியைகள் பக்கம் திரும்பி, இந்த வயதில் இந்த உச்சரிப்பைக் கேட்டிருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கை என் தலையில் இருந்த நேரத்தை என்னால் இன்றும் அளந்து சொல்ல முடியும். தமிழ் வாக்கியம் என் வாய்க்குள் தயாராக இருந்தது. கை எடுக்கப்பட்டதும் நான் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மூன்று எண்ணும் நேரம் பார்த்தாள். பிறகு தானே முன்னால் வந்தாள்.

"ம், சாரி சொல்லு" என்றார் பெரிய டீச்சர். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். அவர் முகத்தில் கடுமை இல்லை. கோடு போட்டுவிட வேண்டும் என்ற விருப்பம்கூட இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"என் தம்பி படிச்சது பாதிப் பேருக்குப் புரியல டீச்சர். தமிழ்ல சொல்லிடறேன்."

"அது தேவையில்ல."

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க மட்டும் ஏன் இங்கிலீஷ் பீரியட்ல தண்ணி தூக்கணும்னு நான் கேட்டேன். அதான் இதுல எழுதிக்கீது."

கடைசி வரிசையில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, செய்தி சொல்லும் ஆர்வத்தில், "எங்க அக்காவும் தூக்குது டீச்சர்" என்றது. நாலைந்து பேர் சிரித்துவிட்டு, சிரிப்பை விழுங்கினார்கள்.

"இப்பவாவது சாரி சொல்லு."

"எதுக்குன்னு சொல்லுங்க டீச்சர். சொல்றேன்."

பெரிய டீச்சர் பேனாவை மூடினார். புத்தகத்தையும் மூடினார். மணி அடிக்கச் சொன்னார்.

அதன் பிறகு நடந்தவை எங்கள் உறவினர் எல்லோருக்கும் தெரிந்தவை. ஏப்ரலில் வந்த சான்றிதழில், நடத்தைக் கட்டத்தில், 'திருப்தியில்லை' என்று சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து மனு திரும்பி வந்தது. அக்கா அம்மாவோடு சூளைக்குப் போனாள். நான்கு ஆண்டுகள் கழித்து எட்டாவது முடித்த என் சான்றிதழில் அதே கட்டத்தில், அதே கையெழுத்தில், 'மிக நன்று' என்றிருந்தது. பெரிய டீச்சர் தம் புத்தகங்களை எனக்குப் படிக்கக் கொடுத்தார். ஒரு விடுதிப் பள்ளியில் தாமே பேசி இடம் வாங்கித் தந்தார். என் பட்டங்கள், என் வேலை, இதோ இந்த வாக்கியங்களின் ஒழுங்கு, எல்லாம் அந்தச் சிமெண்ட் மேடையில் தொடங்கியவை. அவருக்கு நான் நன்றி உடையவன். அந்த நன்றியைச் சொல்லும்போது ஒருமுறைகூட என் குரல் இயல்பாக இருந்ததில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதைக் காரியத்துக்கு வந்த யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் வேளை, கடைசி மணிக்குப் பிறகு என்று மாற்றப்பட்டது. ஏன் என்று யாரும் அறிவிக்கவில்லை. நேரம்தான் மாறியது. குடம் கை மாறவில்லை. ஆயினும் அந்த ஏழெட்டுப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் பீரியட் கிடைத்தது. அக்காவுக்கும் கிடைத்தது, இரண்டே மாதம். அந்த இரண்டு மாத ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் அவள் கடைசி வரை மாத்திரை அட்டைகளையும், பஸ் பலகைகளையும், ஆறு அறைப் பெண்களுக்கு வந்த மெமோக்களையும் படித்தாள். அறுபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் கிடந்து புரண்ட நான் எழுதிய பதிலைவிட அவள் சொல்லி எழுதவைத்த பதில்கள் சரியாக இருந்திருக்கும்.

அந்தப் பிற்பகல் தென்காசிப் பெண் தாளை எடுத்துக்கொண்டு போகாமல் நின்றுகொண்டிருந்தாள். எழுதியதை வாங்கிக் கிழித்தேன். "நீ கேட்டத அப்படியே சொல்லு" என்றேன். சொன்னாள். முதலில் தமிழில் எழுதினேன், அவள் சொற்களை மாற்றாமல். அதற்குக் கீழே ஆங்கிலத்தில். வருத்தம், பெருந்தன்மை, இனி நிகழாது ஆகிய மூன்றும் இரண்டிலும் இல்லை. கடைசி வாக்கியம் மட்டும் என்னுடையது: இந்தக் கேள்விக்கு நிர்வாகத்தின் பதிலை எதிர்பார்க்கிறோம்.

அவள் மறுபடியும் விரலை வைத்துப் படித்தாள். "வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா சார்?"

"தூக்கலாம்மா. இப்படி எழுதினா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பழசு மாதிரியே வேணும்னா அதையும் எழுதித் தரேன்."

பேனாவை வாங்கிக்கொண்டாள். "இதுவே இருக்கட்டும் சார். பெரியம்மா எழுதுனாப்லயே இருக்கு" என்றாள். என் மாணவர்களும் சக ஆசிரியர்களும் எனக்குச் சொன்ன பாராட்டுகளை ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது. கையெழுத்துப் போட்டாள். லைனில் இருந்த மற்ற பெண்களில் பதினொரு பேரும் போட்டார்கள். கம்பெனியிலிருந்து இதுவரை பதில் வரவில்லை. அவள் நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறாள். ரிலீவரும் வரவில்லை. இன்னொரு தாள் எழுத வேண்டியிருக்கும். எழுதுவேன்.

அந்தத் திங்கட்கிழமையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன்.

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் வேப்பமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கோபம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை.

"ஏன்டா தமிழ்ல சொல்லல?"

நான் கொஞ்சம் யோசித்து, எனக்கு மிகச் சரியென்று பட்ட பதிலைச் சொன்னேன். "அவங்க கேக்கலியேக்கா. கேட்டதுக்கு மட்டும்தான பதில் சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்கவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். முகத்தை நிமிர்த்தியபோது கண் இரண்டும் ஈரமாக இருந்தன. நான் புத்திசாலித்தனமாக ஏதோ சொல்லிவிட்டேன் போலும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் என் வாயோரத்துச் சோற்றுப் பருக்கையைத் துடைத்துவிட்டு, "நல்லாதான் படிச்சே" என்றாள்.

மணி அடித்தது. அன்றைக்கு இன்னும் பழைய வழக்கம்தான். அவள் மூலைக்குப் போய்த் தன் குடத்தை எடுத்துக்கொண்டாள். நான் கூடத்துக்குள் போனேன். ஜன்னலுக்கு நேராக, பெண் பிள்ளைகளின் பக்கத்தை ஒட்டிய என் இடத்திலிருந்து பார்த்தால் ஏரிக்கரை முழுவதும் தெரியும். ஏழெட்டுக் குடங்கள் வெயிலில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இங்கிலீஷ் டீச்சர் வந்து, எல்லோர் முன்னிலையிலும் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். உட்கார்ந்தேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. வழக்கம்போல, பக்கத்தில் காலியாகக் கிடந்த பாயில் கால்களை வசதியாக நீட்டிக்கொண்டேன்.

அது அக்காவின் பாய்.